புயல் எச்சரிக்கை வந்த பிறகும் வீட்டை விட்டு வர மறுப்பது ஏன்? உளவியலிடம் இதற்கு விடை உண்டா?

பெண்ணைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் வேலை நிமித்தமாகப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருக்கிறேன். அம்மா கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய எங்கள் ஊரில், அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரு கறவை மாடும் கன்றும் துணை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து வரி விளம்பரம் வரை படித்து முடித்த பிறகே மறுவேலை பார்ப்பவர். எனவே விவரம் தெரியாமல் பிடிவாதம் பிடிக்கிறார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது, அது புயலாக வலுக்குமா வலுக்காதா என்றே பல நாள் இழுத்தடித்து, கடைசியில் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எத்தனை முறை அழைத்தும் அம்மா கிளம்பவில்லை. காற்று தணிந்ததும், 'பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை' என்றார். அதன் பிறகுதான் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் அவரை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அந்த நேரத்திலும், மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்தால்தான் நானும் வருவேன் என்று திண்ணையில் நின்றிருக்கிறார்.

இப்போது பேச்சை எடுத்தால் அவரிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'தானே புயலையே இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவள் நான்'. மற்றொன்று, '2018இல் கஜா புயல் கடலூருக்கு வருகிறது என்று கிளப்பிவிட்டார்கள், அது வேதாரண்யத்துக்குப் போய்விட்டது'. வெள்ளக் காட்சிகளையும் செய்திகளையும் கைப்பேசியில் அனுப்பிப் பார்த்துவிட்டேன். பார்க்கிறார், வருத்தப்படுகிறார், அதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை. இப்படிப்பட்ட நடத்தைக்கு ஒரு பெயர் சூட்டுவதோடு உளவியல் நின்றுவிடுகிறதா, அல்லது அவரோடு வேறு விதமாகப் பேசுவதற்கு ஏதாவது வழி காட்டுகிறதா? படித்தவர்கள், களத்தில் நின்றவர்கள் இருவருமே எழுதினால் நல்லது.


கொள்ளிடத்து ஆசிரியர் எழுதியது:

வணக்கம். சிதம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். உங்கள் அம்மா சொல்லும் இரண்டு பதில்களும் ஒரே பேச்சில் சேர்ந்து வந்தாலும், ஆராய்ச்சியில் அவை தனித்தனி வகைகளைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

கஜா ஒரு பொய்த்துப்போன எச்சரிக்கை. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று சொல்லப்பட்ட புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தது. எச்சரிக்கை ஓரிரு முறை பொய்த்தால் மக்கள் அதன் பிறகு காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் 1996இல் அமெரிக்காவின் தென் கரோலினாக் கரைக்கு வரும் என்று சொல்லப்பட்டுப் பிறகு வடக்கே திரும்பிவிட்ட இரண்டு சூறாவளிகளை வைத்து, கிர்ஸ்டன் டோ, சூசன் கட்டர் என்ற இருவர் அந்தக் கரையோர மக்களிடம் விசாரித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: முந்தைய எச்சரிக்கை பொய்த்ததால் நாங்கள் வெளியேறவில்லை என்றவர்கள் மிகச் சிலரே. புயல் ஏன் திசை மாறியது என்பது புரிந்தால் பெரும்பாலானோர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே கஜாவை உங்கள் அம்மா ஒரு வாதமாகத்தான் எடுத்து வைக்கிறார் என்று நினைக்கிறேன். அவரைப் பிடித்து நிறுத்துவது அதுவாக இருக்காது.

தானே புயல்தான் உண்மையான காரணமாகத் தோன்றுகிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புயலிலேயே வீட்டுக்குள் இருந்து தப்பியவருக்கு, 'இந்த வீடு தாங்கும்' என்பது ஊகமாகத் தெரியாது, நிரூபிக்கப்பட்டுவிட்ட ஒன்றாகத் தெரியும். மயிரிழையில் தப்பிய அனுபவம் மனிதர்களை எச்சரிக்கையாக்குவதற்குப் பதிலாகத் துணிச்சலாக்கிவிடுகிறது என்பதை ராபின் டில்லன், கேத்தரின் டின்ஸ்லி முதலானோர் சூறாவளியை மையமாக வைத்து 2011இல் எழுதிய கட்டுரையில் காட்டினார்கள். அதே குழுவின் அடுத்த ஆய்வில் இன்னொரு நுட்பம் வெளிப்பட்டது. 'தப்பித்துவிட்டோம்' என்று நினைவில் நிற்கும் அனுபவம் துணிச்சலைத் தருகிறது. 'தப்பியிருக்காமலும் போயிருக்கலாம்' என்ற தடயத்தோடு அதே அனுபவம் நினைவுக்கு வந்தால் எச்சரிக்கையைத் தருகிறது. மரம் சாய்ந்தது, ஆனால் வீட்டின் மேல் விழாமல் பக்கத்தில் விழுந்தது என்பது போன்ற ஒரு விவரமே போதும்.

இதை வைத்துச் சொல்கிறேன்: தானேயைப் பற்றி அவரோடு விவாதம் செய்யாதீர்கள். அன்றிரவு என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்த ஓடு முதலில் பறந்தது, கொல்லையில் நின்ற மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, கதவை யார் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எல்லாம் அவரே சொல்லட்டும். அப்போது வீட்டில் அப்பா இருந்திருப்பார் என்பதையும் நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையிருக்காது. இன்னொன்று: தானே காற்றாக வந்தது, ஃபெஞ்சலுக்குப் பிறகு வந்தது தண்ணீர். எளிதில் மனக்கண் முன் வந்து நிற்கும் நிகழ்ச்சியை வைத்தே அடுத்து வரப்போவதை அளக்கிறோம் என்று ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973இல் விளக்கினார்கள். காற்றைக் கொண்டு அளந்து பழகியவர், காற்று நின்றதும் ஆபத்து தீர்ந்தது என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

நீங்கள் அனுப்பும் காட்சிகளைப் பற்றியும் ஒரு சொல். 1965இல் ஹோவர்ட் லெவந்தாலும் உடன் ஆய்வாளர்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிய சிறு நூல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் கோரமான விவரங்களும் படங்களும் இருந்தன, சிலவற்றில் சாதாரணமான விளக்கம் மட்டும். கோரமானதைப் படித்தவர்கள் அதிகம் பயந்தார்கள், ஊசி போட்டுக்கொள்வது முக்கியம் என்றும் சொன்னார்கள், ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் 3 விழுக்காட்டினர் அளவில்தான் இருந்தனர். நூலோடு மருத்துவ நிலையத்துக்கு வழி காட்டும் ஒரு வரைபடத்தையும், அன்றாட வேலைகளுக்கு நடுவே எப்போது போவது என்று யோசிக்கச் சொல்லும் குறிப்பையும் சேர்த்தபோது அது 28 விழுக்காட்டை எட்டியது. மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்பது அந்த மாணவர்களில் பலருக்கு முன்பே தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. பயம் மட்டும் மிகுந்து, அடுத்து எடுத்து வைக்க வேண்டிய அடி எது என்று தெரியாமல் இருந்தால், மனம் அந்தப் பயத்தையே ஒதுக்கி வைத்துவிடுகிறது. வெள்ளக் காட்சியைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விடுவதும் இதே கதைதான்.


ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. எழுதியது:

ஆசிரியர் நயமாக எழுதியிருக்கிறார். ஆனால் அமெரிக்க மாணவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்களா இல்லையா என்பதை வைத்து எங்கள் ஊர் அம்மாவை அறிந்துகொள்ள முடியும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தானேயின்போதும் 2015 வெள்ளத்தின்போதும் இரவில் டார்ச் விளக்கோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவன் நான். வர மறுத்தவர்களில் பலர் மனத்தில் எந்தக் கோளாறும் இல்லாமல், நன்றாகக் கணக்குப் போட்டே மறுத்தார்கள்.

முகாம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடம்தான். கழிப்பறை சிறுபிள்ளைகளுக்காகக் கட்டியது. இருட்டில், தண்ணீர் தேங்கிய விளையாட்டுத் திடலைக் கடந்து போக வேண்டும். மூட்டுவலி உள்ள வயதான பெண்கள், இரவில் எழுந்து போக நேரிடுமே என்று பயந்து, மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சோற்றுப் பொட்டலம் வரும், வராது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வயதுக்கு வந்த பெண் உள்ள வீட்டார் ஊரார் எல்லோரும் படுக்கும் கூடத்தில் அவளைப் படுக்க வைக்க முடியாது என்பார்கள். எந்தத் தெருக்காரர் எந்த வகுப்பறையில் தங்குவது என்பதை வாசலில் நிற்கும்போதே சிலர் கணக்குப் பார்ப்பதும் உண்டு. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் நான் சொன்னது முழு உண்மையாகாது. பீரோவைப் பூட்டினாலும் கதவை யார் பார்த்துக்கொள்வது என்பது ஒரு கவலை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சேதக் கணக்கெடுக்க வந்துவிட்டால் நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போகுமே என்பது அதைவிடப் பெரிய கவலை. மாடு இருந்தாலோ, சொல்லவே வேண்டாம். கறவை மாடு என்பது மாதச் சம்பளம்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆசிரியரின் துறைக்கு வேலை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த வீட்டை முதலில் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தத் தெருவின் போக்கே மாறிவிடும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ பத்து நடை போனாலும் அசையாத தெரு, ஊரில் சொல்வாக்குள்ள ஒரே ஒரு குடும்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னாலேயே கிளம்பிவிடும். கடற்கரைக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வட்டாட்சியரே நேரில் வந்து சொன்னாலும் அவ்வளவு வேகம் இருக்காது. இதற்கு உங்கள் நூல்களில் என்ன விளக்கம் இருக்கிறது?


சிங்காரத்தோப்பு எழுதியது:

மீனவர் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்; அபாயம் தெரியாதவர்கள் என்று எங்களைச் சொல்ல முடியாது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் வலையைச் சுருட்டி, படகை உப்பனாற்றில் ஏற்றிக் கட்டிவிடுகிறோம். அதே நாளில் வீட்டை விட்டு நகரச் சொன்னால் மட்டும் யோசிக்கிறோம். ஒன்றிலிருந்து பதினொன்று வரை உள்ள அந்தக் கூண்டுகள் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் என்று ஏற்பட்டவை. எந்த எண் ஏறினால் படகை என்ன செய்வது என்பது எங்களுக்கு மனப்பாடம், அதே எண்ணுக்கு வீட்டில் இருக்கும் பாட்டியை எங்கே கொண்டுபோவது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆசிரியர் சொன்ன வரைபடக் கதையைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.


கொள்ளிடத்து ஆசிரியர் எழுதியது:

வி.ஏ.ஓ. ஐயா கேட்டதற்கு முதலில் வருகிறேன். 1968இல் பிப் லட்டானே, ஜான் டார்லி இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் சுவரில் உள்ள துளை வழியாகப் புகை வரத் தொடங்கும். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு படிவத்தையே நிரப்பினார்கள். என்ன நடக்கிறது என்பது தெளிவாக இல்லாதபோது பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். அவரும் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. தெருவில் யாரும் கிளம்பவில்லை என்றால் கிளம்பத் தேவையில்லை என்று அர்த்தம் ஆகிவிடுகிறது. முதல் குடும்பம் நடந்ததும் அந்த அர்த்தம் தலைகீழாகிறது. நீங்கள் டார்ச் விளக்கோடு கண்டறிந்ததும் இவர்கள் புகையோடு கண்டறிந்ததும் ஒன்றுதான், உங்களுக்கு அதற்காக யாரும் பட்டம் கொடுக்கவில்லை என்பதைத் தவிர.

அமெரிக்க மாணவர்களைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது, அது துறைக்குள்ளேயே எழுந்ததும்கூட. மேற்கத்திய, படித்த, வசதியான சமூகங்களின் மாணவர்களை வைத்துக்கொண்டு மனித குலத்துக்கே விதி எழுதுகிறோம் என்று ஜோசப் ஹென்ரிக்கும் இன்னும் இருவரும் 2010இல் கடுமையாக எழுதினார்கள். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் முன்பு போலவே தெளிவான முடிவைத் தந்தன. ஆகவே ஓர் ஆய்வைப் படித்தவுடன் அப்படியே நம்பிவிடக் கூடாது என்றுதான் என் மாணவர்களிடமும் சொல்கிறேன். லெவந்தாலின் ஆய்வும் சிறியதுதான். பயத்தோடு வழியையும் சேர்த்துச் சொன்னால்தான் செயல் பிறக்கும் என்பது பிற்காலத்தில் வேறு பல ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தென்பட்டதால்தான் அதைக் குறிப்பிட்டேன்.

கழிப்பறையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு வங்கதேசமே சாட்சி. அங்கு 1991 ஏப்ரலில் அடித்த புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. ஆண்களோடு நெருக்கியடித்துத் தங்க வேண்டிய இடத்துக்குத் தனியே போவதற்குப் பெண்கள் தயங்கியது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அந்த நாட்டில் பிற்காலத்தில் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்ததற்குப் புயல் காப்பிடங்கள் பெருகியது மட்டும் காரணமில்லை; ஊருக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்த தொண்டர்கள், பெண்களும் சேர்ந்து, கதவைத் தட்டிச் சொல்கிறார்கள். ஒடிசாவில் 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள், 2013 பைலின் புயலின்போது பல லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டு உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. மறுப்பதற்கான காரணத்தை மனத்துக்குள் மட்டும் தேடுகிற உளவியல் அரைகுறையானது என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை.


கிருஷ்ணா நகர் வாசகி எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். ஃபெஞ்சலுக்கு நாங்களும் காற்றை எண்ணித்தான் தயாரானோம்: மாடியிலிருந்த பூந்தொட்டிகளை இறக்கினோம், மெழுகுவத்தி வாங்கினோம். ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, விடிவதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் பகுதியில் ராணுவத்தினர் படகில் வந்துதான் பலரை மீட்டார்கள்.

நான் கேட்க வந்தது வேறு. அன்றிலிருந்து என் இளைய மகன் மழை இரைந்து பெய்தாலே வாசற்படியில் போய் நின்று தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான், தூங்குவதில்லை. சிலர் அவனை உட்கார வைத்து அன்று நடந்ததை எல்லாம் வெளியே கொட்ட வைத்துவிடுங்கள் என்கிறார்கள், வேறு சிலர் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்கிறார்கள். எது சரி?


கொள்ளிடத்து ஆசிரியர் எழுதியது:

சகோதரி, இரண்டுமே வேண்டாம். பேரிடருக்குப் பின் உடனடியாக ஒருவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் ஒருமுறைப் பயிற்சியால் பயனில்லை, சிலருக்கு அது தீங்காகவும் முடிகிறது என்று தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. அவனாகப் பேசினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பேசாதபோது தூண்ட வேண்டாம். பள்ளி, சாப்பாடு, தூக்கம், விளையாட்டு ஆகியவை வழக்கமான நேரத்தில் நடப்பதே குழந்தைக்குப் பெரிய மருந்து. படியைப் பார்க்காதே என்று தடுப்பதைவிட, 'மூன்றாம் படி நனைந்தால் நாம் மாடி வீட்டு அத்தையிடம் போகிறோம், உன் பள்ளிப் பையை நீ எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். பயத்தைத் தடுக்க முடியாத இடத்தில், அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம்.

இழப்புக்கும் அதிர்ச்சிக்கும் உள்ளானவர்களில் பலர் பெரிதாக நிலைகுலையாமல் தாக்குப்பிடித்து வழக்கம்போல் இயங்குகிறார்கள் என்பதை ஜார்ஜ் பொனானோ 2004இல் தொகுத்துக் காட்டினார். ஆனால் நீங்கள் சொல்லும் தூக்கக் குறைவு மழைக்காலம் முடிந்த பிறகும் நீடித்தாலோ, படிப்பையும் விளையாட்டையும் அவன் விட்டுவிட்டாலோ, குழந்தைகளைப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.


பெண்ணைக்கரையான் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். ஆசிரியர் சொன்னபடி தானே அடித்த இரவைப் பற்றிக் கேட்டேன். கிணற்றடியில் நின்ற முருங்கையில் தொடங்கி, மாட்டுக் கொட்டகையின் தகரம் பறந்துபோய் எதிர் வீட்டுச் சுவரில் குத்தி நின்றது வரை சொன்னார். அந்தத் தகரம் விழுந்த இடத்தில்தான் அப்பா அதற்குச் சற்று முன்பு வரை நின்றிருந்தாராம். இதை நான் இதுவரை கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு அவராகவே, 'தண்ணீர் வந்தால் அது வேறு கதைதான்' என்றார். இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை, ஆனால் பேச்சு சண்டையில் முடியவில்லை.

மாட்டைப் பற்றித்தான் மீதிப் பேச்சு முழுவதும். பால் சங்கத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் களத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். மாட்டை முதலில் அங்கே கொண்டு போய்க் கட்டுவது, பிறகு அவர் வடலூரில் சித்தி வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. முகாமுக்கு வர மாட்டேன், தங்கச்சி வீட்டுக்கு வருவேன் என்பதில் அவர் தெளிவாக இருக்கிறார், வி.ஏ.ஓ. ஐயா எழுதியதைப் படித்த பிறகு அதில் நான் மறுத்துப் பேச எதுவும் இல்லை. எப்போது கிளம்புவது என்று முடிவு செய்யும் உரிமையை அவரிடமே விட்டுவிட்டேன். எதிர் வீட்டு அக்காவும் சித்தி ஊர் வரை துணைக்கு வருவதாகச் சொல்கிறார்.

இன்னும் தீராதது ஒன்று: காற்று அடிக்கும்போது கிளம்ப வேண்டும் என்பது அவருக்குப் புரிகிறது. வெயில் அடிக்கும்போது, அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியை மட்டும் நம்பிக் கிளம்புவாரா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.


ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. எழுதியது:

அதற்கு ஒரு வழி இருக்கிறது. சாத்தனூர் அணைத் திறப்பு பற்றிய வெள்ள எச்சரிக்கை ஊர் வி.ஏ.ஓ.வுக்கும் தலையாரிக்கும் வரும். தலையாரியின் எண்ணை அம்மாவின் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். நீங்கள் புதுச்சேரியிலிருந்து சொல்வதைவிட, நாள்தோறும் பார்க்கும் அந்த ஆள் சொன்னால் கேட்பார். எதிர் வீட்டு அக்காவிடமும் அதே எண் இருக்கட்டும், இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் கிளம்புவது எளிது.

வடலூர் நல்ல மேடு, தங்குவதற்கு ஏற்ற ஊர். ஆனால் 2015இல் குறிஞ்சிப்பாடி வட்டாரம் முழுவதும் தண்ணீர் நின்றது, அந்தச் சாலையை நம்பி மழை வலுத்த பிறகு கிளம்பினால் நடுவழியில் மாட்டிக்கொள்வார்கள். கூண்டு ஏறுவதற்கு முன், பேருந்து ஓடும்போதே போய்விடச் சொல்லுங்கள். மாட்டைக் களத்தில் கட்டினாலும் கயிற்றை நீளமாக விட்டு, சுருக்கு இல்லாத முடிச்சாகப் போடச் சொல்லுங்கள். பல இடங்களில் மாடுகள் தண்ணீரால் சாகவில்லை, கட்டுத்தறியில் கயிறு இறுகிச் செத்தன. பட்டா, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் படம் பிடித்து உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டையும் கொட்டகையையும் தேதி தெரியும்படி இப்போதே படம் எடுத்து வைத்தால், சேதக் கணக்கெடுக்க வரும்போது அவர் வீட்டில் காத்திருக்க வேண்டிய கட்டாயம் பாதி குறையும்.